மறுக்க முடியாதவரின் குரல்

பீட்டில்ஸ் என்ற ஆங்கிலேய ராக் இசைக்குழுவின் கடைசிப் பாடல் என்ற அறிவிப்போடு 2023 நவம்பர் 2 அன்று வெளியான 'நவ் அண்ட் தென்' பாடலை அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே நான் கேட்டிருந்தேன். இசைப் பித்தர்கள் தங்களுக்குள் கைமாற்றிக்கொண்டிருந்த கள்ளப் பதிவு அது. 1970களின் பிற்பகுதியில், அந்தக் குழுவின் நால்வரில் ஒருவரான ஜான் லெனன் தம் வீட்டுப் பியானோவின் முன் அமர்ந்து, ஒரு சாதாரணக் கேசட் கருவியில் தமக்காக மட்டும் பதிந்துவைத்த பாட்டு. அதில் முதலில் காதில் விழுவது லெனன் அல்ல, மின்சாரம். பழைய குழல்விளக்கின் சோக்கு பழுதானால் எழுமே, அந்த ரீங்காரம் பாட்டின் முதல் நொடியிலிருந்து கடைசி நொடிவரை ஓடிக்கொண்டே இருக்கும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 60. ஆகவே லெனன் வீட்டு ரீங்காரம் நம் வீட்டு ரீங்காரத்தைவிட ஐந்துக்கு ஆறு என்ற கணக்கில் உயர்ந்திருக்கும். சங்கீதம் தெரிந்தவர்கள் அதைச் சாதாரண காந்தாரம் என்பார்கள். நம் வீட்டுச் சோக்கு ஷட்ஜம் பிடித்தால் நியூயார்க் சோக்கு காந்தாரம் பிடிக்கும். இதனால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை என்றாலும், அந்தப் பதிவைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்கு நினைவுக்கு வந்துவிடுகிறது.

ரீங்காரத்துக்கு அடுத்தது பியானோ. கருவி பியானோவின் மேலேயோ மிக அருகிலேயோ இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் லெனன் அழுத்தி வாசிக்கும் இடங்களிலெல்லாம் அவர் குரலே மூழ்கிப்போகிறது. மூன்றாவதாக, எங்கோ சுவருக்கு அப்பாலிருந்து வருவதுபோல் அந்தக் குரல். பாட்டு நல்ல பாட்டு என்பது தெரிந்தது. ஆனால் அது முடிந்த பாட்டு அல்ல என்பதும் தெரிந்தது. சில இடங்களில் சொற்கள் இல்லாமல் வெறும் முனகலாக மெட்டை நகர்த்திக்கொண்டு போகிறார். பிறகு வார்த்தை போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார்.

2023 நவம்பரில் அதே பாட்டைக் காதொலிப்பானில் கேட்டபோது, ரீங்காரம் இல்லை, பியானோவின் இரைச்சல் இல்லை, லெனன் என் முன்னால் நாற்காலி போட்டு அமர்ந்து பாடினார். உடல் சிலிர்த்தது என்று எழுதுவது தேய்ந்துபோன வழக்கம்தான். ஆனாலும் சிலிர்க்கத்தான் செய்தது. அந்தச் சிலிர்ப்பு அடங்கியபின் எழுந்த ஓர் உறுத்தலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அது தொழில்நுட்பத்தைப் பற்றிய உறுத்தல் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கேசட்டின் கதையைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். பீட்டில்ஸ் 1970இல் உடைந்தது. 1975இல் மகன் ஷான் பிறந்தபின் லெனன் இசைத்தொழிலிலிருந்து ஐந்தாண்டுகள் ஒதுங்கி, நியூயார்க்கின் டகோட்டா என்ற அடுக்குமாடிக் கட்டடத்தில் குழந்தையை வளர்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆண்டுகளில் அவ்வப்போது தோன்றியதையெல்லாம் வீட்டிலேயே கேசட்டில் பதிந்துவைத்தார். 1980 டிசம்பர் 8 அன்று அதே கட்டடத்தின் வாசலில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். பதினான்கு ஆண்டுகள் கழித்து, குழுவின் மற்ற மூவரான பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் ஆகியோர் தங்கள் வரலாற்றைத் தொகுக்கும் 'ஆந்தாலஜி' என்ற பெருந்திட்டத்தில் இறங்கியபோது, லெனனின் மனைவி யோகோ ஓனோ சில கேசட் பதிவுகளை மெக்கார்ட்னியிடம் கொடுத்தார். அவற்றில் ஒன்றின்மேல் 'பாலுக்காக' என்று எழுதியிருந்தது.

அந்தப் பதிவுகளிலிருந்து இரண்டு பாடல்கள் ஒப்பேறின. 'ஃப்ரீ ஆஸ் எ பேர்ட்' 1995 டிசம்பரிலும் 'ரியல் லவ்' 1996 மார்ச்சிலும் வெளிவந்தன. தயாரிப்பாளர் ஜெஃப் லின். லெனன் விடுமுறைக்குப் போயிருக்கிறார், நீங்களே முடித்துவிடுங்கள் என்று கேசட்டை அனுப்பியிருக்கிறார், அப்படி வைத்துக்கொள்வோம் என்று மூவரும் தங்களுக்குள் பேசிக்கொண்டார்களாம். துக்கத்தைச் சமாளிப்பதற்கு நல்ல உபாயம்தான். இன்று அந்த இரண்டு பாடல்களையும் கேட்டால் லெனனின் குரல் மட்டும் தனியே மெலிந்து, குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் ஒலிப்பதைக் கவனிக்கலாம். ரீங்காரத்தைக் குறைக்க ஒலியைச் சல்லடை போட்டபோது குரலின் சதையும் கொஞ்சம் சேர்ந்து போய்விட்டது.

மூன்றாவதாக எடுத்துக்கொண்டது 'நவ் அண்ட் தென்'. 1995இல் சிறிது காலம் முயன்றார்கள். ஜார்ஜ் ஹாரிசன் கிதார் வாசித்துப் பதிந்தார். பிறகு கைவிட்டார்கள். ஏன் கைவிட்டார்கள் என்பதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. இந்த விஷயத்தின் மையமே அந்த இரண்டு விளக்கங்களுக்கு இடையில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். அதற்குப் பிறகு வருகிறேன்.

ஹாரிசன் 2001 நவம்பர் 29 அன்று புற்றுநோயால் இறந்தார். பாட்டு அலமாரியில் கிடந்தது. மெக்கார்ட்னி மட்டும் அதை மறக்கவில்லை. என்றாவது அதை முடிப்பேன் என்று நேர்காணல்களில் பலமுறை சொல்லிக்கொண்டிருந்தார்.

அலமாரியைத் திறந்த சாவி, எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1969 ஜனவரியில் பீட்டில்ஸ் ஒரு மாதம் ஒத்திகை பார்த்ததை ஒரு படக்குழு முழுவதுமாகப் படம்பிடித்திருந்தது. சுமார் 60 மணி நேரப் படச்சுருளும் 150 மணி நேர ஒலிப்பதிவும் மிஞ்சியிருந்தன. ஒலி பெரும்பாலும் ஒற்றைத் தடத்தில் பதிவானது. பேச்சு, கிதார், டிரம், இருமல், தேநீர்க் கோப்பை எல்லாம் ஒன்றோடொன்று குழைந்து கிடந்தன. அரைத்த மாவிலிருந்து அரிசியையும் உளுந்தையும் மறுபடி பிரித்தெடுக்கச் சொல்வதற்கு ஒப்பான வேலை. நியூசிலாந்தின் இயக்குநர் பீட்டர் ஜாக்சன் அந்தச் சுருள்களிலிருந்து 2021இல் 'கெட் பேக்' என்ற ஆவணத் தொடரை உருவாக்கியபோது, எமில் டி லா ரே என்பவரின் தலைமையில் அவருடைய குழு அந்தப் பிரிப்பு வேலையைச் செய்யும் மென்பொருளை எழுதியது. அதற்கு 'மால்' என்று பெயர் வைத்தார்கள். பீட்டில்ஸின் பயணங்களில் உடனிருந்து எல்லாம் கவனித்துக்கொண்ட உதவியாளர் மால் இவான்ஸின் நினைவும் அந்தப் பெயரில் இருக்கிறது.

அது வேலை செய்யும் விதத்தை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். ஒலியை ஒரு படமாக விரிக்கலாம். இடமிருந்து வலமாக நேரம், கீழிருந்து மேலாக அதிர்வெண், எந்த இடத்தில் எவ்வளவு வலு என்பதற்கேற்ப ஒளி. அந்தப் படத்தில் பியானோவின் ஒரு தட்டு, சட்டென்று தோன்றி மெல்ல மங்கும் கோடுகளாகத் தெரியும். மனிதக் குரல், நெளிந்து வளைந்து ஏறி இறங்கும் கோடுகளாகத் தெரியும். மின்சார ரீங்காரம், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் 60, 120, 180 என்று நேராக ஓடும். பழைய முறையில் நேர்கோட்டை அழிக்கலாம். ஆனால் குரலின் கோடும் பியானோவின் கோடும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் இடங்களில் எதை அழிப்பது, எதை விடுவது? கற்கும் இயந்திரத்துக்குத் தனிக் குரல்களையும் தனி வாத்தியங்களையும் ஏராளமாகக் கேட்கக் கொடுத்துப் பழக்கினால், கலந்து கிடக்கும் படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் குரலின் பங்கு எவ்வளவு, பியானோவின் பங்கு எவ்வளவு என்று அது கணித்துப் பிரித்துவிடுகிறது. 2022இல் லெனனின் கேசட்டை அதனிடம் கொடுத்தார்கள். தெளிந்த குரல் தனியே கிடைத்தது.

மக்கள் கேட்டதெல்லாம், இது உண்மையான லெனனா, கணினி செய்த லெனனா என்ற கேள்வியைத்தான். 2023 ஜூனில் மெக்கார்ட்னி பி.பி.சி. வானொலியில் செயற்கை நுண்ணறிவின் உதவியால் பீட்டில்ஸின் கடைசிப் பாட்டை முடித்துவிட்டோம் என்று சொல்லிவைக்க, உலகம் முழுவதும் கூச்சல் எழுந்தது. செயற்கையாக எதையும் உண்டாக்கவில்லை, எல்லாமே உண்மையில் நாங்கள் பாடியதும் வாசித்ததும்தான் என்று சில நாட்களில் அவரே விளக்க வேண்டியதாயிற்று. அந்த வேறுபாடு முக்கியமானது, தமிழ்க் கேட்பாளர்களுக்கு அது அதிகம் விளக்கத் தேவையில்லாததும்கூட. 2024 ஜனவரியில் 'லால் சலாம்' படத்தின் 'திமிரி எழுடா' பாடலில், மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை ஏ.ஆர்.ரஹ்மான் செயற்கை நுண்ணறிவால் மீண்டும் ஒலிக்கச் செய்தார். குடும்பத்தாரின் அனுமதி பெற்று, ஊதியமும் கொடுத்தே செய்ததாக அவர் அறிவித்தார். அதே காலத்தில், தம் தந்தை எஸ்.பி.பாலசுப்ரமணியத்தின் குரலை ஒரு தெலுங்குப் படத்தில் அனுமதி பெறாமல் அவ்வாறு உருவாக்கிப் பயன்படுத்திவிட்டதாக எஸ்.பி.பி.சரண் வழக்கறிஞர் வழியே அறிவிப்பு அனுப்பினார். இந்த இரண்டிலும் பாடியவர் அந்தப் பாட்டை ஒருபோதும் பாடியதில்லை. லெனன் பாடினார். தாமே எழுதி, தாமே மெட்டமைத்து, தம் வாயால் பாடினார். ஆகவே பலருக்கு அங்கேயே வழக்கு முடிந்துவிட்டது. எனக்கு அங்கேதான் தொடங்குகிறது.

லெனனுக்குத் தம் குரலைப் பிடிக்காது. இது ரசிகர்களின் கதையல்ல. அவருடன் எட்டாண்டுகள் பணியாற்றிய தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் திரும்பத் திரும்பச் சொன்னது. எதையாவது செய்து என் குரலை மறையுங்கள் என்று ஒலிப்பதிவுக் கூடத்தில் அவர் நச்சரித்துக்கொண்டே இருப்பாராம். ஒரே வரியை இரண்டு முறை பாடி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் குரல் தடித்துத் தெரியும். அது அவருக்குப் பிடிக்கும், ஆனால் இரண்டாம் முறை பாட அலுப்பு. அந்த அலுப்பைத் தீர்ப்பதற்காகவே 1966இல் ஆபி ரோடு கூடத்தின் பொறியாளர் கென் டவுன்சென்ட், ஒருமுறை பாடியதையே இரண்டாக்கிக் காட்டும் ஒரு நாடா உத்தியைக் கண்டுபிடித்தார். அதே ஆண்டில் 'டுமாரோ நெவர் நோஸ்' பாடலுக்காக லெனனின் குரலை, ஆர்கனுக்கென்று செய்யப்பட்ட சுழலும் ஒலிபெருக்கிக்குள் செலுத்திப் பதிந்தார்கள். உலகமே வியந்த அந்த உத்திகளில் பாதி, ஒரு மனிதர் தம் குரலை வெறுமையாக வெளியே விடக் கூசியதால் பிறந்தவை. அந்த மனிதரின் குரலைத்தான் இன்று எந்தப் போர்வையும் இல்லாமல், ஒவ்வொரு மூச்சும் கேட்கும்படி துலக்கி எடுத்து, இதோ பாருங்கள் எவ்வளவு தெளிவு என்று நாம் மெச்சிக்கொள்கிறோம்.

'கெட் பேக்' தொடரைப் பற்றி ஜாக்சன் சொன்ன ஒரு செய்தி இதனோடு சேர்த்து நினைக்கத் தக்கது. படக்குழு எப்போதும் ஒலிவாங்கியை நீட்டிக்கொண்டே இருந்ததால், தனிப்பட்ட விஷயம் பேச வேண்டியிருந்தால் அவர்கள் கிதாரின் ஒலியைக் கூட்டி வைத்துக்கொண்டு, மெட்டே இல்லாமல் எதையாவது மீட்டிக்கொண்டே பேசினார்களாம். ஐம்பது ஆண்டுகள் அந்தத் தந்திரம் பலித்தது. இயந்திரம் கிதாரை நீக்கியதும் பேச்சு வெளியே வந்துவிட்டது. அந்தத் தொடரை நான் இரண்டு முறை பார்த்து மகிழ்ந்தவன், ஆகவே ஒழுக்கம் பேச எனக்கு உரிமை குறைவு. ஆனால் கேட்க வேண்டாம் என்று அவர்கள் எழுப்பிய சுவரைத்தான் நான் கடந்துவந்து ரசித்தேன் என்பதை மறைப்பதற்கில்லை.

இனி, 2022இல் என்ன செய்தார்கள் என்பது. லெனனின் குரல் கேசட்டிலிருந்து. ஹாரிசனின் கிதார் 1995 பதிவிலிருந்து. மெக்கார்ட்னி புதிதாகப் பேஸ் கிதாரும் பியானோவும் வாசித்தார். ஹாரிசனின் பாணியில் ஒரு ஸ்லைடு கிதார்ப் பகுதியையும் அவருக்கு அஞ்சலியாகச் சேர்த்தார். ரிங்கோ ஸ்டார் புதிதாக டிரம் வாசித்தார். ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டின், மெக்கார்ட்னி, பென் ஃபாஸ்டர் ஆகியோர் அமைத்த வயலின் கோவையை லாஸ் ஏஞ்சலஸின் கேபிடல் கூடத்தில் பதிந்தார்கள். செய்தி கசியாமலிருக்க, வாசித்தவர்களிடம் கொடுத்த சுரத்தாளில் 'கிவ் அண்ட் டேக்' என்று வேறு பெயர் எழுதியிருந்தார்கள். பீட்டில்ஸ் பாட்டுக்குத்தான் வாசிக்கிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. 'எலினார் ரிக்பி' உள்ளிட்ட மூன்று பழைய பாடல்களிலிருந்து லெனன், மெக்கார்ட்னி, ஹாரிசன் மூவரும் இளமையில் பாடிய கோரஸ் துணுக்குகளை எடுத்துப் பின்னணியில் இழைத்தார்கள். லெனனின் பாட்டில் சொற்கள் நிறைவுபெறாமல் மெட்டு வேறு திசைக்குத் திரும்பும் ஒரு பகுதி இருந்ததே, அதை முழுவதுமாக வெட்டிவிட்டார்கள்.

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் என் உறுத்தல் குடியிருக்கிறது. கள்ளப் பதிவைக் கேட்டுப் பழகிய காதுக்கு, அந்தப் பகுதி வரவேண்டிய இடத்தில் புதிய பாட்டு ஒரு படியைத் தவறவிட்டு இறங்குவதுபோல் இருக்கிறது. வெட்டியதற்கு நியாயம் இல்லாமல் இல்லை. பாதி முனகலாக இருந்த பகுதியை வைத்து என்ன செய்வது? புதிதாகச் சொற்களை எழுதிச் சேர்த்திருந்தால் அதற்கும் நான் முகம் சுளித்திருப்பேன். இருந்தாலும் லெனனும் மெக்கார்ட்னியும் ஒரே அறையில் இருந்த காலத்தில், ஒருவர் பாட்டின் ஒரு பகுதியை மற்றவர் வெட்டுவது சண்டையில்லாமல் நடந்திருக்காது. பீட்டில்ஸ் பாட்டு என்று நாம் சொல்லும் பொருள் அந்தச் சண்டையிலிருந்துதான் உண்டானது. ஒருவர் கொண்டுவரும் இனிப்பில் இன்னொருவர் புளியைப் பிழிவார், அவர் முறைப்பார், கடைசியில் இருவரும் நினைக்காத ஒரு சுவையில் வந்து நிற்கும். 2022இல் குரல் திரும்பி வந்தது. முறைப்பு வரவில்லை.

ஆளில்லாத நேரத்தில் ஒருவர் பாட்டின்மேல் கைவைப்பது எவ்வளவு வலிக்கும் என்பது மெக்கார்ட்னிக்குத் தெரியாததும் அல்ல. 1970இன் தொடக்கத்தில், கிடப்பில் இருந்த ஒலிநாடாக்களை லெனனின் தரப்பு பில் ஸ்பெக்டர் என்ற தயாரிப்பாளரிடம் கொடுத்தது. மெக்கார்ட்னி எளிய பியானோப் பாட்டாக எழுதியிருந்த 'தி லாங் அண்ட் வைண்டிங் ரோடு' மீது அந்த ஆண்டு ஏப்ரல் 1 அன்று ஸ்பெக்டர் பெரிய வாத்தியக் குழுவையும் பெண்களின் கோரஸையும் ஏற்றினார். பாட்டை எழுதிப் பாடியவர் உயிரோடு, அதே லண்டனில் இருந்தார். அவரைக் கேட்கவில்லை. அந்தப் பதிவு காதில் விழுந்ததும் கொதித்துப்போன மெக்கார்ட்னி, வயலின்களைக் குறையுங்கள், ஹார்ப்பை எடுங்கள் என்று வரிசையாகப் பட்டியலிட்டு, இனி ஒருபோதும் இப்படிச் செய்யாதீர்கள் என்று முடித்து மேலாளருக்குக் கடிதம் எழுதினார். பலனில்லை. பீட்டில்ஸ் கூட்டைச் சட்டப்படி கலைக்க அந்த ஆண்டின் கடைசி நாளன்று அவர் தொடுத்த வழக்கில், தம் பாட்டுக்கு நேர்ந்த அந்த அவமதிப்பையும் ஒரு காரணமாகச் சொன்னார். 2003இல், ஸ்பெக்டர் ஏற்றியதையெல்லாம் இறக்கிவிட்டு அந்தப் பாட்டு இடம்பெற்ற ஆல்பத்தை மறுபடி வெளியிட்டபிறகுதான் அவர் மனம் ஆறியது. முப்பத்துமூன்று ஆண்டுகள் ஒரு வயலின் கோவையை மன்னிக்காமல் வைத்திருந்த மனிதர் அவர். லெனனின் பாட்டுக்கு அவர் வயலின் சேர்த்தது ஸ்பெக்டர் செய்ததைப் போன்றதல்ல என்று ஒப்புக்கொள்கிறேன். யோகோவும் ஷானும் இசைந்தார்கள், நோக்கத்தில் அன்பு இருந்தது, கோவையும் அடக்கமாகவே இருக்கிறது. ஆனாலும் மறுகடிதம் எழுத ஆள் இல்லாத இடத்தில் அடக்கம் போதுமா என்பதை அளக்க என்னிடம் அளவுகோல் இல்லை.

லெனன் இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பதையாவது ஊகம் என்று தள்ளிவிடலாம். ஹாரிசன் ஊகம் அல்ல. அவர் 1995இல் அறையில் இருந்தார், வேண்டாம் என்று சொன்னார். மெக்கார்ட்னி பிற்காலத்தில் சொன்னதன்படி, ஹாரிசன் அந்தப் பாட்டை ஒரு வசைச்சொல்லோடு சேர்த்துக் குப்பை என்றார். அடப்பாவி, இது ஜான் எழுதியதல்லவா என்று இவர் கேட்டும் அவர் மசியவில்லை. பீட்டில்ஸ் ஒரு ஜனநாயகம், ஆகவே நிறுத்திவிட்டோம் என்பதே மெக்கார்ட்னியின் விளக்கம். ஹாரிசனின் மனைவி ஒலிவியா 2023இல் தந்த விளக்கம் வேறு. ஒலிநாடாவின் தொழில்நுட்பக் குறைகள் களைய முடியாதவை என்று ஜார்ஜ் கருதினார், இன்று இருந்திருந்தால் முழுமனதோடு சேர்ந்திருப்பார் என்பதில் தமக்கும் மகனுக்கும் ஐயமில்லை என்றார் அவர்.

குப்பை என்று ஹாரிசன் சொன்னது ஒலியையா, பாட்டையா? ஒலியை என்றால், இயந்திரம் அவருடைய மறுப்புக்குப் பதில் சொல்லிவிட்டது. பாட்டை என்றால், எவ்வளவு துலக்கினாலும் அந்த மறுப்பு அப்படியே நிற்கிறது. கணவரை அருகிலிருந்து அறிந்த ஒலிவியாவின் சொல்லை மறுக்க நான் யார்? அவர் சொல்வதே சரியாக இருக்கலாம். ஆனால் 1969 ஜனவரியின் அந்தப் படச்சுருளில், நீ எப்படி வாசிக்கச் சொன்னாலும் வாசிக்கிறேன், வாசிக்க வேண்டாம் என்றால் வாசிக்கவே மாட்டேன் என்று மெக்கார்ட்னியிடம் மரத்த முகத்தோடு சொல்கிறாரே ஹாரிசன், சில நாட்களில் குழுவைவிட்டு எழுந்தே போய்விடுகிறாரே, அந்தக் காட்சியைப் பார்த்தவர்களுக்கு, அவருடைய 'வேண்டாம்' என்ற சொல்லின் எடை தெரியும். இளையவர் என்று பல ஆண்டுகள் ஓரம் தள்ளப்பட்டவர், கடைசியில் தம் ஒரு மறுப்பை நிலைநாட்டினார். அது ஆறாண்டுகள் அவர் உயிரோடு இருந்தவரையும், அதன்பின் இருபதாண்டுகளும் நின்றது. பிறகு, அவர் மறுத்த அதே வேளையில் வாசித்த கிதாரை எடுத்தே பாட்டை முடித்தார்கள். அவர் கேட்டிருந்தால் ஒருவேளை சிரித்திருப்பார். அவருடைய நகைச்சுவை அப்படிப்பட்டது.

இத்தனை சொன்னபின், பாட்டு எனக்குப் பிடிக்கவில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பிடிக்கும். ரிங்கோவின் டிரம் அவருக்கே உரிய சோம்பல் கலந்த நிதானத்தோடு நடக்கிறது. அந்த நடையைப் போலி செய்ய எந்த இயந்திரத்தாலும் இயலாது. தொடக்கத்தில் மெக்கார்ட்னி ஒன்று, இரண்டு என்று எண்ணும் குரலில் எண்பது வயதின் கரகரப்பு இருக்கிறது. அதை அடுத்து வரும் லெனனுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. பழைய தோழனோடு சேர்ந்து மெக்கார்ட்னி பாடும் இடங்களில் அவர் தம் குரலைத் தூக்கிக் காட்டவில்லை, கீழே நின்று தாங்குகிறார். பிரிட்டனில் அது முதலிடம் பிடித்தது, 1969க்குப் பிறகு 54 ஆண்டுகள் கழித்து. 2025இல் கிராமி விருதும் கிடைத்தது, ஷான் வாங்கிக்கொண்டார். இசைத்தட்டின் மறுபக்கத்தில் 1962இல் வெளியான அவர்களுடைய முதல் பாட்டு 'லவ் மீ டூ' இருந்தது. சுழியத்தைச் சரியாக மூடிவிட்டோம் என்ற வணிகப் புத்தி அதில் தெரிந்தாலும், வாங்காமல் இருக்க முடியவில்லை.

என் பெரியப்பாவின் கேசட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மேலே எழுதியதையெல்லாம் யோசிக்க வைத்தது அதுதான். கும்பகோணத்து வீட்டில் 1986 வாக்கில் ஒரு டூ-இன்-ஒன்னில், தாமே ஹார்மோனியம் வாசித்துக்கொண்டு அவர் பாடிய நான்கு திருப்புகழ்கள். கோயில் பஜனையில் பாடுவாரே தவிர, மேடையேறியவர் இல்லை. அவர் போய்ப் பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. 'நவ் அண்ட் தென்' வெளிவந்த சூட்டில், குரலையும் வாத்தியத்தையும் பிரித்துத் தரும் மென்பொருள் ஒன்றை என் கணினியிலும் நிறுவி, அந்தக் கேசட்டை அதற்குக் கொடுத்தேன். மின்விசிறியின் ஓசை போயிற்று. ஹார்மோனியம் தனியே ஒதுங்கியது. பெரியப்பா கூடத்துத் தூணில் சாய்ந்து அமர்ந்து பாடுவதுபோல் கேட்டது. அண்ணனுக்கு அனுப்பினால் அழுதுவிடுவான் என்று தோன்றியது.

மூன்றாவது பாட்டின் நடுவில், இத்தனை ஆண்டுகளும் நாங்கள் வெறும் ஹார்மோனியம் என்று கேட்டுக்கொண்டிருந்த ஓர் இடம் வரும். சரணம் முடிந்து அடுத்தது எடுப்பதற்கு முன், பெட்டியைக் கொஞ்சம் உரக்கவே வாசித்துக்கொண்டு போவார். துலக்கிய பதிவில் அந்த இடத்தில் அவர் பேசுகிறார். பொத்தானை அழுத்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணனிடம், வாத்தியத்துக்கு அடியில், தாழ்ந்த குரலில்: "இது சரியா அமையலடா. இதை வச்சுக்காதே, அழிச்சுடு. நாளைக்கு வேற எடுத்துக்கலாம்."

அண்ணனைத் தொலைபேசியில் கேட்டேன். அப்படி ஒரு பேச்சு நடந்ததே நினைவில்லை என்றான். மறுநாள் எடுத்ததாகவும் நினைவில்லை. வீட்டில் வேறு கேசட்டும் கிடையாது.

திவசத்தன்று காலையில் நான்கு பாட்டுகளையும் குடும்பத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஏற்றினேன். அத்தைகள் கும்பிடும் கைகளாக அனுப்பித் தள்ளினார்கள். மூன்றாவது பாட்டுத்தான் எல்லாவற்றிலும் உருக்கம் என்று சின்ன அத்தை குரல்செய்தி அனுப்பியிருந்தார். அவர் கேட்டதில் சரணத்துக்கும் சரணத்துக்கும் இடையே ஹார்மோனியம் மட்டும்தான் இருந்தது. அந்த ஒன்பது நொடிகளில் பேச்சை எடுத்துவிட்டு, வாத்தியத்தை மட்டும் திரும்ப ஒட்டியிருந்தேன். ஒட்டு தெரியாது.